ரெண்டு கொடிக்கு நடுவே

முல்லா வீதி,
புதுச்சேரி.

அன்பு மகன் ஹாதிக்கு அத்தா எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவோட கிருபையால நானும் உங்கம்மாவும் மூச்சு வாங்காம மாடிப்படி ஏறுற அளவுக்கு இருக்கோம், இந்த வயசுல அதுக்கு மேல என்ன கேக்கறது. பெர்த்துல நீயும் மருமவ ஃபரீஹாவும் பேத்தி இஃப்ஃபத்தும் பேரன் அதீபும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டுகினு இருக்கேன். தினம் போன்ல பேசற காலத்துல இந்த மனுசனுக்கு என்ன கடுதாசி வேண்டிக்கிடக்குதுன்னு சிரிக்காதே. போன்ல நான் வாயத் தொறந்தாலே ஆரம்பிச்சுட்டீங்களா அத்தான்னு வெட்டிடற. போதாக்குறைக்கு ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருக்கே, பிள்ளைங்க காதுல விழக்கூடாததப் பேச முடியல. எழுதினா நீ வெட்ட முடியாது, இஃப்ஃபத்துக்குத் தமிழ் படிக்கவும் வராது. இதை எழுதி முடிச்சு கடைப் பையன்கிட்ட போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போறேன், தனியா உக்காந்து படி.

உங்கம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்குது. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், கீழ உக்காரவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லி அனுப்பினார். அங்க தலைய தலைய ஆட்டிட்டு, வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளைங்க வருதுன்னு தரையில சப்பணம் போட்டு உக்காந்து அரிசி புடைக்கறா. நான் ஒரு வார்த்தை சொன்னா நாலு வார்த்தை திரும்பி வருது. மாடி ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சாச்சு, குழாய மாத்தியாச்சு, அதீபுக்குன்னு சின்ன மெத்தை நானே தைச்சு வச்சிருக்கேன். ஆனா நீங்க வந்து எறங்கினதும் நேரா ரிசார்ட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு அப்புறந்தான் வீட்டுக்கு வருவோம்னு சொல்லிட்டே. உங்கம்மாவுக்கு அதுல வருத்தந்தான், வெளிய சொல்ல மாட்டா. எனக்கு அது வருத்தம் இல்லப்பா. எனக்கு பயம்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அரியாங்குப்பம் தாண்டித் தெக்கால போய், ஆத்து முகத்துவாரத்துக்குப் பக்கத்துல நீ ரூம் போட்டிருக்கியே அந்த ரிசார்ட்டு, அது வேணாம். வேணவே வேணாம். குடுத்த அட்வான்ஸு போனா போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விட்டுடு. ஏன்னு சொல்றேன், முழுசாப் படி.

கடலோரம் தங்கறதுன்னா அவனவன் சுபாவத்துக்குத் தகுந்த மாதிரி இடம் பார்க்கணும். இந்தக் கரையில இருக்கற முக்கால்வாசி ஓட்டலுக்கு மெத்தை உறையும் திரையும் குடைத்துணியும் நம்ம தையல் கடையிலேருந்துதான் போவுது, எது எது கிழிஞ்சு திரும்பி வருதுன்னு பார்த்தே எந்த இடத்துல எந்த மாதிரி ஆளு தங்கறான்னு எனக்குத் தெரியும். காலையில நடக்கணும், காபி குடிக்கணும், மஞ்ச சுவத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணும்னா ஒயிட் டவுன். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தாக்கள் வீடெல்லாம் இப்ப கெஸ்ட் ஹவுஸ் ஆயிடுச்சு, திரைத்துணி பத்து வருசம் போனாலும் கிழியாது, அவ்வளவு அடக்கமான ஜனம். எதுத்தாப்ல பூரா கருங்கல்லு, கடல பார்க்கலாம், எறங்க முடியாது, பிள்ளை வச்சிருக்கறவனுக்கு அதைவிட நிம்மதி ஏது. பலகை மேல ஏறி அலையில சறுக்கற வயசுன்னா வடக்கால செரினிட்டி பீச் பக்கம் போகணும், அங்க கத்துக்குடுக்க ஆளுங்களும் இருக்காங்க, ராத்திரியானா சத்தமும் இருக்குது. இன்னும் வடக்கால காலாப்பட்டுப் பக்கம் போனா மரம், நிழல், தூக்கம், வேற ஒண்ணும் கெடயாது, ஃபரீஹாவுக்கு அதுதான் புடிக்கும்னு எனக்குத் தோணுது. இவ்வளவு இருக்க நீ கேட்டது என்ன. கூட்டம் இருக்கக்கூடாது, மீன் வாடை அடிக்கக்கூடாது, படகும் வலையும் கண்ணுல படாம மணல் மட்டும் வெள்ளையா இருக்கணும். ஏம்பா, நம்ம ஊர்க் கடற்கரையில ஒரு இடத்துல படகே இல்லன்னா ஏன் இல்லன்னு கேக்க வேணாமா.

தேங்காய்த்திட்டுல மீன் ஏலம் எடுக்கற பாலகுருவ உனக்குத் தெரியும், என்கூட ஒண்ணாப் படிச்சவன். அவனக் கேட்டேன். அந்த எடத்துல நாங்க யாரும் படகக் கரை ஏத்த மாட்டோம்டா, அலை உடையாம தண்ணி படுத்த மாதிரி தெரியும், அதுதான் வெளிய இழுத்துட்டுப் போற வழின்னான். போன புயலுக்கப்புறம் மணல் எடம் மாறி இழுப்பு இன்னும் கூடிப் போச்சாம். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சொன்னாங்க, அங்க ஆழமே இல்ல, முழங்கால் தண்ணிதான், அதுலயே புடிச்சுக்குதுன்னான். ரிசார்ட்டு கட்டினப்பவே இதைக் குப்பத்து ஆளுங்க போய் மேனேஜர் கோபிநாத்துகிட்ட சொல்லியிருக்காங்க. அவரும் கெட்ட மனுசன் இல்ல, உடனே நம்ம கடைக்கு வந்து, இழுக்கற எடத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு கம்பம் நட்டு, நடுவுல யாரும் போகாதீங்கன்னு காட்டறதுக்கு நல்ல சிவப்புல ரெண்டு கொடி தைச்சுக் குடுங்க பாய்னு கேட்டார். தைச்சேன். ஒரு சீசன் பறந்துச்சு. அப்புறம் திரும்ப வந்தார். சிவப்பைப் பார்த்தா கெஸ்ட்டுங்க மெரளறாங்க, ரூம் மாத்துங்கறாங்க, போட்டோவுலயும் அபாயம்னு தெரியுது, கீழ்ப்பாதியில மஞ்ச வச்சுக் குடுங்க, எங்க குடையெல்லாம் அந்தக் கலர்தானேன்னார். மேல சிவப்பு, கீழ மஞ்ச. நல்ல ஜோடிக் கலருதான், நானும் ரசிச்சுத்தான் தைச்சேன். எச்சரிக்கை போர்டும் அசிங்கமா இருக்குதுன்னு வண்டி நிறுத்தற பக்கம் கொண்டு போய் வச்சுட்டாங்க. ரூம் சாவி குடுக்கும்போது வாயால சொல்லி அனுப்பறோமேன்னார் கோபிநாத். யாரு காதுல வாங்கறா.

போன மாசம் அங்க ஒரு பையன் போயிட்டான். உன்கிட்ட நான் சொல்லல, உங்கம்மா சொல்ல வேணாம்னா. நம்ம ஆளுங்கதான், ரொம்ப வருசமா உங்க ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல இருக்கற குடும்பம், சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்து அங்க தங்கியிருந்தாங்க. மீசை கூட சரியா மொளைக்கல, நீச்சல்ல மெடல் வாங்கின பையனாம். குடிச்சிருந்தான்னு ஊர்ல பேசினாங்க, நாக்குல நரம்பில்லாதவங்க, ஒரு சொட்டு குடிக்கல. தேடப் போன படகுல பாலகுருவும் இருந்தான். அவன் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுத்துச்சு. நல்ல எடத்துல அத்தனை பேரு குளிச்சுட்டு இருந்திருக்காங்க, அந்தப் பையன் அவங்களத் தாண்டி நடந்து நேரா கொடிக்கு நடுவுல போயிருக்கான். தெரியாம எறங்கறவன் தயங்குவான்டா ஜெய்னு, இவன் எடம் தெரிஞ்சவன் மாதிரி போனான்னு கரையில இருந்தவங்க சொன்னாங்களாம். சித்தப்பா பிள்ளைங்களையும் கை ஆட்டி, அங்க வேணாம் இங்க வாங்க, இதுதான் நல்ல எடம்னு கூப்பிட்டிருக்கான். அதுங்க போறதுக்குள்ள அவனக் காணோம். ஏன் அங்கேயே போனான், ஏன் மத்தவங்களையும் கூப்பிட்டான்னு யாருக்கும் வெளங்கல. விதி இழுத்துச்சுன்னு சொல்லிட்டு வேலையப் பார்க்கப் போயிட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இந்த ஞாயித்துக்கிழமை நீ வீடியோ கால்ல ரிசார்ட்டு படத்தக் காட்டினப்ப என்ன நடந்துச்சுன்னு நெனப்பு இருக்குதா. இஃப்ஃபத்து ஓடி வந்து போனப் புடுங்கி, தாதா தாதா அந்தக் கொடியப் பாருங்க, எங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த கொடின்னா. கடற்கரைக்கே கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுத்தாங்களாம், சிவப்பும் மஞ்சளும் கொடி இருந்தா அது கடல் காவல்காரங்க பார்த்து வச்ச எடம், அந்த ரெண்டு கொடிக்கு நடுவுலதான் எறங்கணும், வெளிய எறங்கவே கூடாதுன்னு பாட்டு மாதிரி ஒப்பிச்சா. நீயும் பின்னாடி நின்னுகிட்டு, ஆமாத்தா, அதைப் பார்த்துத்தான் புக் பண்ணேன், பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பான எடம்னு சொன்னே. சிக்னல் சரியில்லன்னு சொல்லி வச்சுட்டேன். உங்கம்மா என் மூஞ்சியப் பார்த்துட்டுத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. அந்தப் பிரிஸ்பேன் பையனும் இதே பாடத்தைத்தானே படிச்சிருப்பான். யா அல்லா, அவன வாங்கன்னு கூப்பிட்டது என் கையால தைச்ச துணி.

மறுநாளே அன்சாரி ஆட்டோவப் புடிச்சுட்டுப் போய் கோபிநாத்தப் பார்த்து வெவரமா சொன்னேன். மனுசன் வெளுத்துப் போய் உக்காந்துட்டார். அப்புறம், ஆஸ்திரேலியாக்காரங்க எத்தனை பேரு பாய் இங்க வரப்போறாங்க, முக்காலும் பெங்களூருதான், முதலாளி சீசன் முடியட்டும்பாருன்னு இழுத்தார். கெளம்பும்போது அவர் சொன்னதைக் கேளு. அந்தப் பையன் போனதுக்கப்புறம் முதலாளிக்கே பயம் வந்து, கொடி சின்னதா இருக்குது, தூரத்துலேருந்தே தெரியற மாதிரி இன்னும் பெருசா நாலு வைக்கணும்னு உத்தரவு போட்டுட்டாராம். அதே கலர்ல. நான் தைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நான் தைக்கலன்னா ஊர்ல வேற மெஷினே இல்லையா. இன்னிக்குக் காலையில பாலகுரு போன் பண்ணான், பெரிய கம்பம் நட்டாச்சு, அரை மைல் தள்ளி வரும்போதே பளிச்சுன்னு தெரியுதுன்னு. குப்பத்துப் பிள்ளைங்க யாரும் அங்க போகாது, அதுங்களுக்கு எடம் தெரியும். தெரியாதவங்களுக்குத்தான் கொடி.

அதனால ரூம மாத்து. ஒயிட் டவுன்ல கல்லுக்கரைக்கு எதுத்தாப்ல எடம் நான் பார்த்து வைக்கறேன், இல்ல ஒரு வாரமும் நம்ம மாடியிலேயே இருங்க. அப்படியும் மனசு ஆறல எனக்கு. இந்தக் கலரப் பார்த்து அழகா இருக்குதுன்னு நாளைக்கு வேற ஓட்டல்காரனும் வைப்பான். நேத்து நீ வேலைக்குப் போயிருந்தப்ப இஃப்ஃபத்துகிட்ட நானே பேசினேன். பயமுறுத்தாம, கண்ணு, எங்க ஊருல அந்தக் கொடி இருந்தா அங்க போகக் கூடாதும்மான்னு சொன்னேன். சிரிச்சா. எந்த நாட்டுக் கடலா இருந்தாலும் கொடிக்கு நடுவுலதான் போகணும், யாரு வேற எங்க கூப்பிட்டாலும் கேக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, தாதா உங்களுக்குத்தான் நீந்தவே தெரியாதுல்லன்னா. அதீபு கையப் புடிச்சு நானே கூட்டிட்டுப் போய் எறக்குவேன், பயப்படாதீங்கன்னு எனக்கே தைரியம் வேற சொன்னா. உன்னை வளர்க்கும்போது சொன்ன பேச்சு கேக்காத பிள்ளையா இருக்கானேன்னு பயந்தேன். இப்ப இவ சொன்ன பேச்சு கேக்கற பிள்ளையா இருக்கான்னு பயப்படறேன்.

நான் சொன்னா நம்ப மாட்டா, நீ சொல்லு. அவ டீச்சரையே விட்டு சொல்லச் சொல்லு. அவ வாயால சரின்னு சொல்ற வரைக்கும் கடல் பக்கம் கூட்டிட்டு வராதே. உங்க நாலு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுசையும் நல்ல சுகத்தையும் தரட்டும், பிரயாணத்த லேசாக்கட்டும். ஃபரீஹாவுக்கு எங்க சலாம் சொல்லு, பிள்ளைங்களுக்கு முத்தம். உங்கம்மா துஆ சொல்லச் சொன்னா, அவகிட்ட இந்த விஷயம் பாதிதான் சொல்லியிருக்கேன். படிச்சதும் போன் பண்ணு, ஸ்பீக்கர்ல போடாதே.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அத்தா
ஜெய்னுலாபுதீன்