சாமோடு ஆடிய யுத்தம்

ஆகஸ்ட் 23, சனி

விடிகாலையில் தூறல். அப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடக் கிளம்பிவிட்டார். அம்மா இன்னும் எழவில்லை. பிராட்பேண்டில் காலை எட்டு வரை ஓடுவது பில் கணக்கில் சேராது, அதனால் இதுதான் எங்கள் நேரம். சிங்கப்பூரில் சாம் அப்போது டீ குடித்து முடித்திருப்பார்.

எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது அவரேதான் இந்த கேமை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். "ஃபோன்ல சாப்டியா, சாப்டேன்னு எவ்ளோ நாள் பேசறது? இதுல வெளையாடிக்கிட்டே பேசலாம்."

ஹெட்போனில் அவர் குரல். திரையில் இரண்டாம் உலகப் போர். நாங்கள் இரண்டு பேரும் ரஷ்யச் சிப்பாய்கள். பனி, இடிந்த வீடுகள், எதிரே ஜெர்மன்காரர்கள். முதல் வாரம் சுவரில் முட்டிக்கொண்டே நின்றேன். இப்போது ஜன்னல் வழியாகக் குதிக்கிறேன்.

வாங்க வேண்டியது: பாவாடை நாடா, அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை, பாஸ்போர்ட் ஜெராக்ஸ்.

ஆகஸ்ட் 27, புதன்

வெயில். கரன்ட் கட் மதியம்.

ஸ்கூல் வேலையை விட்டதிலிருந்து பகல் முழுக்க வீடு. எட்டாம் வகுப்புக்கு யார் கம்ப்யூட்டர் எடுக்கிறார்களோ.

இந்த கேம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? பழைய பஸ் ஸ்டாண்ட் வரை போனாலே "எங்க, யாரோட, எப்ப வருவ". கேமுக்குள்ளே ஒரு ஊர் முழுக்க எனக்கு. மூச்சிரைக்க ஓடலாம். இன்னொன்றும் உண்டு. நிஜமாக நடந்த சண்டை. பாடப் புத்தகத்தில் ஒரே பத்தியில் கடந்துபோன ஊருக்குள் நான் நுழைகிறேன். யார் ஜெயிப்பார்கள் என்று முன்பே தெரியும். நியாயம் நம் பக்கம் என்றும் தெரியும். அப்படி ஒரு நிம்மதி வேறு எங்கே கிடைக்கிறது?

இன்று ஒரு கட்டத்தில் மூன்று பேர் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி நின்றார்கள். சுடலாம், விடலாம், நம் இஷ்டம். "சுடு பியூலா, நேரம் போவுது" என்றார் சாம். சுட்டேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சர்ச்சில் முதல் தடவை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். "தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் ஐயர் சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகை. பின் பெஞ்சில் யாரோ, "சிங்கப்பூர் மாப்ள, குடுத்துவச்ச பொண்ணு."

மத்தியானம் ஆட்டுக்கறி. அப்பா இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மேகமூட்டம்.

சாமின் அறை நண்பர்கள் இரண்டு பேரும் இன்று சேர்ந்துகொண்டார்கள். தனித்தனியாக, ஒருவரை ஒருவர் சுடும் ஆட்டம். முதலில் தடுமாறினேன். அப்புறம் ஒரு மாடி கிடைத்தது, உடைந்த அலமாரிக்குப் பின்னால். சாம் கீழே தெருவைக் கடந்தார். சுட்டேன். மறுபடி உயிர் பெற்று வந்தார், மறுபடி சுட்டேன். கடைசியில் பட்டியலில் அவர் பேர் அடியில், என் பேர் மேலே. பொய் சொல்லக் கூடாது, எனக்கு இனித்தது. வாய்விட்டுச் சிரித்தேன். முருகேஷ் என்கிற நண்பர், "தங்கச்சி, பின்னிட்டீங்க! டேய் சாம், வீட்ல இனிமே யார் ஆட்சின்னு தெரிஞ்சிபோச்சுடா" என்றார்.

சாம், "வேல இருக்கு" என்று ஆட்டத்திலிருந்து வெளியேறினார். மைக்கை அணைக்கவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம். என்னமோ கீழே விழுந்து உடைந்தது.

முருகேஷ்: "விட்றா. வெளையாட்டுதானே."

சாம்: "கல்யாணம் முடியட்டும். ரெண்டு அறை விட்டா எல்லாம் சரியாயிடும் அவளுக்கு."

திரையில் பனி பெய்துகொண்டே இருந்தது. ஹெட்போனைக் கழற்றத் தோன்றவில்லை.

செப்டம்பர் 3

சாம் ஃபோன். குரல் தேன். கல்யாண மாலை ஆரஞ்சா, வெள்ளையா என்று கேட்டார். வெள்ளை என்றேன். நேற்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது அவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 6, சனி

மழை. துணி காயவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி இருந்தது, கை நிற்கவே இல்லை.

"ஆம்பளைங்க கோவத்துல நாலு வார்த்த பேசுவாங்க. அதுவும் வெளையாட்டுல."

"வெளையாட்டுல இல்லம்மா. முடிஞ்சப்பறம்."

"டமடமன்னு சத்தம் வர்ற பொட்டி அது. உனக்கு என்ன காதுல விழுந்துச்சோ. ஓல வாசிச்சாச்சு, பத்திரிக்க அடிச்சாச்சு. மாப்ளய நீ எதுக்குத் தோக்கடிச்ச?"



செப்டம்பர் 7, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை ஏதேனும். எழுந்திருக்க முன் பெஞ்சைப் பிடித்தேன். பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேண்டுமென்றே தோற்றுப் பார்த்தேன்.

தெருவின் நடுவில் போய் நின்றேன். சுட்டார். சுவர் ஓரம் ஒளிவது போல ஒளிந்து தலையை நீட்டினேன். சுட்டார். ஒரு மணி நேரம் அப்படியே. சாம் எவ்வளவு அன்பாக இருந்தார்! "பாவம்டி நீ. நான் சொல்லித் தரேன் வா." பாட்டு கூடப் பாடினார். புது வீட்டுக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை என்று கேட்டார்.

அன்றைக்குக் கேட்டதை விட இதுதான் என்னைப் பயமுறுத்தியது. எனக்கு எப்படித் தோற்பது என்று நன்றாகவே தெரிகிறது. நாற்பது வருஷம் கூடத் தோற்பேன் போல.

இன்னொரு பயம். நானும்தான் கையைத் தூக்கியவர்களைச் சுட்டேன். நான் மட்டும் யோக்கியமா? யோசித்து யோசித்து இவ்வளவுதான் கிடைத்தது: நான் சுட்டது பொம்மையை. அவர் அறைவேன் என்றது என்னை.

செப்டம்பர் 12, வெள்ளி

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைய. வரப்பில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன்.

"அவரு சொன்னத அப்படியே சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத."

சொன்னேன். சாப்பிடாமல் தூக்குச்சட்டியை மூடி வைத்தார். அங்கேயே என் செல்லை வாங்கி சிங்கப்பூருக்குப் போட்டார். ஸ்பீக்கரில்.

"மாப்ள, இப்படி சொன்னீங்களாமே?"

"ஐயோ மாமா, அது சும்மா, வெளையாட்டுக்கு."

"வெளையாடறப்ப சொன்னதா, வெளையாடி முடிச்சப்பறம் சொன்னதா?"

  

"பேசறத ஒட்டுக் கேட்டது அவ தப்பு மாமா. அதயும் அவகிட்ட கேளுங்க."

அப்பா "சரிங்க" என்றார். செல்லைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "சாயங்காலம் நான் ஐயரப் பாத்துட்டு வரேன். நீ வீட்டுக்குப் போ." முகம் கறுத்திருந்தது. என்மேல் கோபமா, அவர்மேலா, தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. வேறு ஒரு ஜோடியின் பேரை வாசித்தார்கள். தலைகள் திரும்பின. அப்பா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அம்மா கோவிலுக்கு வரவில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து சாமின் அம்மா ஃபோனில்: "ஒரு கேமுக்காகவா? ஊர் சிரிக்காது?" சிரிக்கும். ஏற்கெனவே சிரிக்கிறது.

அம்மா என்னிடம் பேசி இரண்டு நாள். ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காற்று. தூக்கமே இல்லை. எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். சாமிடமிருந்து ஒரு வரி: "ஒரே ஒரு மேட்ச். நீ ஜெயிச்சா நான் மன்னிப்பு கேக்கறேன்."

வெட்கம்தான், ஆனாலும் எழுதுகிறேன், விளையாட ஆசை வந்தது. ஜெயித்திருப்பேன். பதில் போடாமல் அவர் பேரை அழித்தேன். ஆனால் கேமை அழிக்க மனசு வரவில்லை. தனியாக உள்ளே போனேன். பனி. குண்டு. ஓட்டம்.

பின்னால் அம்மா. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அவன் பேசுனது இதுலதான் கேட்டுச்சா?"

ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன். பீரங்கிச் சத்தத்தில் அம்மாவின் தோள் தூக்கிப்போட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.  கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவு சத்தத்துலயுமா உனக்கு அது கேட்டுச்சு?"

"கேட்டுச்சும்மா."

"அப்ப அவன் நல்லா சத்தமாத்தான் சொல்லியிருக்கான்."

கழற்றி என் மடியில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.