சட்டைப் பொத்தான்

என் தங்கத்துக்கு,

நீ மேடையில வாயே திறக்காம கிழிஞ்ச துணிங்களைத் தைக்கிறதை உலகமே நேரலையில பார்க்குதாமே! நானும் அடுப்படியில போனைச் சாய்ச்சு வச்சுப் பார்க்கிறேன். "இதெல்லாம் ஒரு கலையா?"ன்னு உன்கூடப் பேச்சை நிறுத்தின உங்கப்பா, போனுக்குப் பின்னால நாற்காலியைப் போட்டுக்கிட்டு, "இப்ப என்ன பண்றா?"ன்னு என்னை நச்சரிக்கிறார்.

நேத்துதான் காரணம் தெரிஞ்சுது. முன்னால வந்தா நீ அவரைப் பார்த்துடுவியாம்! "ஐயோ, அவளுக்கு நாம தெரிய மாட்டோம்ங்க"ன்னு சிரிச்சேன். முறைச்சுட்டு எழுந்து போயிட்டார்.

இன்னைக்குச் சத்தமில்லாம என் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். ஊசியில நூல் கோர்க்க நீ தலையை நிமிர்த்தி கேமராவை நேராப் பார்த்தே. மனுஷன் பதறிப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டார்.

நாளைக்கும் ஒரு தடவை நிமிர்ந்து பாரு, கண்ணு.

உன் அம்மா