மெல்லிய உறைக் குண்டு

அக்டோபர் 24

நாளை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. மரம் விழுந்து அப்பாவின் இடுப்பு உடைந்த பிறகு மலையேறுவது அண்ணன் வெஸ் மட்டும். பள்ளியை விட்டதிலிருந்து குப்பிகளில் மருந்தடைத்து, குண்டு பொருத்தித் தோட்டா நிரப்புவது நான். அவனிடம் எல்க்குக்கு அரசு தந்த வேட்டைச் சீட்டு ஒன்றே ஒன்று. ஒரு சீட்டுக்கு ஒரு மான். குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அந்த இறைச்சிதான்.

"அந்த நீட்டு மூக்குக் குண்டையே எல்லாத்துலயும் போடு டெல்லா. இந்தத் தடவை நானூறு கஜத்துல தூக்கறேன் பாரு."

அதன் ஈயத்தைச் சுற்றிய செம்பு உறை மெல்லியது. தூரம் போய் வேகம் குறைந்த பின்னும் சதைக்குள் விரியும். கிட்டத்தில், முழு வேகத்தில் எலும்பில் பட்டால் பொடிந்துவிடும். கிட்டத்துக்கு முழுச் செம்புக் குண்டு வேண்டும். வெளியே பனிப்புயல்; மான்கள் அடர்காட்டுக்குள் ஒதுங்கும், அங்கே சுடுவது கிட்டத்தில்தான். சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன ஊமைக்கோட்டான், முணுமுணுக்கறே?"

"ஒண்ணுமில்ல."

அவன் கேட்டதையே நிரப்பினேன்.

அக்டோபர் 26

காட்டுக்குள், முப்பது கஜத்தில், தோளில் சுட்டானாம். விழுந்தது, எழுந்தது, ஓடிவிட்டது.

அக்டோபர் 27

ஓடை வரை ரத்தம். அப்புறம் பனி.

அக்டோபர் 29

காயத்தோடு தொலைந்த மிருகமும் சுட்டவன் கணக்குதான். சட்டம் கேட்காது, அப்பா கேட்பார்.

"யாருப்பா பார்த்தா?" என்றான் வெஸ்.

"நீ பார்த்தேல்ல?" என்றார் அப்பா.

வெஸ் கத்தியால் சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டினான்; வெட்டிய சீட்டு மறுபடி செல்லாது. இந்த வருஷம் எல்க் அவ்வளவுதான்.

நவம்பர் 1

பீன்ஸ். நேற்றும் பீன்ஸ்.

நவம்பர் 3

அண்டங்காக்கைகள் காட்டிக்கொடுத்தன. நானும் போனேன். ஓடைக்கு அப்பால் எல்க் கிடந்தது, இறைச்சி கெட்டு. தோளை அறுத்துப் பார்த்தேன். சதையில் செம்பும் ஈயமும் மணல் மாதிரி. நுரையீரலுக்கு ஒன்றுமே போகவில்லை. கால்களைச் சுற்றிப் பனி போய் மண் தெரிந்தது — எத்தனை நாள் உதைத்துக்கொண்டிருந்ததோ.

"இது இப்படி உடையும்னு உனக்குத் தெரியுமா?" என்றான் வெஸ்.

பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

ஏன் சொல்லல? ஐயோ, நான் ஏன் சொல்லல?

நவம்பர் 21

வெள்ளைவால் மானாவது கிடைக்குமா என்று வெஸ் கிளம்பினான்; அதற்குத் தனிச் சீட்டு. கையில் நான் நிரப்பியது இல்லை, கடையில் வாங்கிய தோட்டாப் பெட்டி. வாசல் வரை ஓடினேன்.

"அண்ணா, எங்க நிப்ப? காட்டுக்குள்ளயா, மேட்டுலயா?"

சத்தமாகத்தான் கேட்டேன். அவன் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினான்.