நீலக்கரை விரிப்பு

அறை எண் 14
வியாழக்கிழமை, பிற்பகல்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இந்த எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று ஓரமாக வைத்துவிடாதே. உன் அப்பாதான். வரி ஒன்று மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. ‘ழ’ வந்தால் எழுதுமுன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். இரும்புக் குழாயை வளைத்த கைக்கு இந்தப் பேனா வளைய மாட்டேன் என்கிறது. பொறுத்துப் படி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேசினால் என்னோடு வந்து இங்கே கட்டிலில் படுத்திருக்கும் அவர் எழுந்துவிடுவார். இந்த நான்கு நாளில் இப்போதுதான் தூங்குகிறார். அதோடு இன்னொன்று. இத்தனை வருஷம் எனக்குக் கடிதம் எழுதித் தந்தது தெருமுனைக் கடைக்காரர். அந்தக் கடைக்காரர் காதில் விழலாம் என்பதை மட்டும்தான் உனக்குச் சொல்ல முடிந்தது. அதனால் எப்போதும் நலம், நலம் என்றே வந்திருக்கும். இன்றைக்கு நமக்கு நடுவே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எழுத்துப் படித்ததில் இப்படி ஒரு வசதி இருக்கும் என்று முதியோர் கல்வி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஏற்பாடு செய்த தேனிலவு தடபுடலாகத்தான் ஆரம்பித்தது. ஸ்டேஷனில் வேன் டிரைவர் ‘புதுமணத் தம்பதியர்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானே எழுத்துக் கூட்டிப் படித்து, இதுதான் என்று கண்டுபிடித்தேன். அவரோ எங்களைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “பெரியவரே, பொண்ணு மாப்பிள்ளை பின்னாடி வர்றாங்களா?” என்று கேட்டார். அதற்கு அவர், உன் அப்பாவைப் பத்து நாளுக்கு முன் கட்டிக்கொண்டவர், “பொண்ணும் மாப்பிள்ளையும் நாங்கதான். பெட்டியைத் தூக்குப்பா, மாப்பிள்ளைக்கு முட்டி வலி” என்றார். டிரைவர் வழியெல்லாம் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தென்னை மரங்கள், அதற்கு அப்பால் கடல். குளியலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் தேய்ந்த குழாய். நான் சும்மா இருப்பேனா? கழற்றிச் சரிசெய்துவிட்டேன். மேனேஜர் ஓடிவந்து, விருந்தாளி வேலை செய்யக்கூடாது என்று கெஞ்சினார். பிறகு பக்கத்து அறைக் குழாயும் அப்படித்தான் சொட்டுகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

கட்டிலில் இரண்டு துண்டுகளை அன்னம் மாதிரி மடித்து, பூவெல்லாம் தூவி வைத்திருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர் இல்லையா, துண்டை விரலால் தேய்த்துப் பார்த்து, “வெளுப்பு சரி, அலசல் பத்தாது” என்றார். அப்புறம் விரிப்பைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் நீலக்கரை போட்ட விரிப்பு. தொடப்போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பாப்பா, இதைத்தான் உன்னிடம் மறைத்தேன். முதல் நாள் அவர் கட்டிலில் படுக்கவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்று வராந்தாப் பிரம்பு நாற்காலிக்குப் போய்விட்டார். மறுநாள் முதுகு பிடித்திருக்கிறது என்றார். மூன்றாம் நாள் அலைச் சத்தம் கேட்க ஆசை என்றார். கட்டிலின் விளிம்பில்கூட உட்காரவில்லை. நீ தினமும் போன் செய்து, “அப்பா, சந்தோஷமா?” என்று கேட்டாய். ரொம்ப சந்தோஷம் என்றேன். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தூக்கம் இல்லாத கண்ணோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்னென்னவோ நினைத்தேன். என் குறட்டையோ என்று ஒருநாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிப் பார்த்தேன். வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவது வேறு, ஒரே அறையில் ஆயுசுக்கும் இருப்பது வேறு, இந்த மனுஷி அவசரப்பட்டுவிட்டோம் என்று வருந்துகிறாள் என்று முடிவு கட்டினேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? ஆறு வருஷம் ஒற்றை டம்ளர் கழுவியவனுக்கு இரண்டு டம்ளர் கழுவுவது இந்தப் பத்து நாளில் பழகிப்போய்விட்டது.

இன்று காலை ஒரு தாள் கிழித்து எழுதினேன். மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. “வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றால் திரும்பலாம். எனக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று மகளிடம் சொல்லிக்கொள்கிறேன்.” அதை அவருடைய டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, மணலில் இறங்கித் தண்ணீர் ஓரம் போய் நின்றுகொண்டேன். அவரும் என்னோடு அதே வகுப்பில் படித்தவர்தான். விரல் வைத்துத்தான் படிப்பார். படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். “குழாய்க்காரரே, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த விரிப்பு மேலதான்” என்றார். ஆஸ்பத்திரியிலும் அதே வெள்ளை, அதே நீலக்கரையாம். மேலே வார்டிலிருந்து மூட்டையாகக் கீழே வந்து விழுமாம். யார் படுத்தது, பிழைத்தாரா போனாரா என்று யாரும் சொல்ல மாட்டார்களாம். துவைத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதில் போய் எப்படிப் படுப்பது என்றார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாராம்.

அதோடு நிற்கவில்லை. உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்தது அதே ஆஸ்பத்திரியில்தான் என்று நான் வகுப்பில் ஒருநாள் சொல்லியிருக்கிறேன். வருஷமும் மாசமும் சொல்லியிருக்கிறேன். “அந்த மாசம் நான் ஒருநாள்கூட லீவு போடல. அவங்க படுத்த விரிப்பு என் கையாலதான் போயிருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா என் கையைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு அது ஞாபகம் வருமேன்னு பயந்துட்டேன்” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பாப்பா, அதைக் கேட்டதும் உன் அம்மா அங்கே படுத்திருந்த பதினேழு நாளில் ஒருநாள் மனதில் வந்து நின்றது. உன் அம்மாவுக்கு அங்கே எதுவும் பிடிக்காது. கஞ்சியில் உப்பில்லை, மின்விசிறி கிறீச்சிடுகிறது, நர்ஸ் கையில் கனிவே இல்லை. ஆனால் ஒருநாள் காலை விரிப்பை மாற்றியதும், தலையணைப் பக்கம் முகத்தைத் திருப்பி மோந்து பார்த்து, “இது மட்டும் நம்ம வீட்டுக் கொடியில காய்ஞ்ச துணி மாதிரி இருக்கு” என்றாளே. அவள் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான். நீ கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய்.

அதை அப்படியே சொன்னேன். “நெசமாவா? என்ன சொன்னாங்க? திருப்பிச் சொல்லுங்க” என்றார். மூன்று தடவை சொல்ல வைத்தார். அப்புறம் ஈர மணல் என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “கீழே எங்களுக்குப் புகார்தான் வரும். கறை போகல, கிழிஞ்சிருக்குன்னு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு வார்த்தை இப்படி வந்ததில்ல” என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அலை வந்து இரண்டு பேர் துணியையும் நனைத்துவிட்டுப் போனது.

அறைக்கு வந்ததும் அந்த விரிப்பை உருவினேன். நான் சுருட்டப் போனேன், அவர் பிடுங்கி நான்கு மூலை சேர்த்து அழகாக மடித்தார். அறை துடைக்க வந்த பெண்ணிடம் கொடுத்து, “இதுல ஒரு குறையும் இல்லம்மா, எங்களுக்குப் பூப்போட்டதுதான் ராசி” என்றார். தன்னுடைய இரண்டு பூப்புடவைகளைக் கட்டிலில் விரித்தார். பத்து நிமிஷம் தலை சாய்க்கிறேன் என்று பதினோரு மணிக்குப் படுத்தவர். இப்போது மணி மூன்றரை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுப்பவில்லை. இன்னொரு நல்ல செய்தி, என்னைவிட அவர் பலமாகக் குறட்டை விடுகிறார்.

நம் வீட்டுக் கட்டிலுக்கென்று நீ வாங்கி அனுப்பிய வெள்ளை விரிப்புகள் பீரோவிலேயே இருக்கட்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அடுத்த முறை வரும்போது பூப்போட்டதாக ஒன்று கொண்டுவா.

கடிதம் முழுக்க அவர், அவர் என்றே எழுதிவிட்டேன். நீ அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை என்னிடம்தான் “அவங்க சாப்பிட்டாங்களா?” என்று கேட்கிறாய். அது உன் இஷ்டம், நான் வற்புறுத்த மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். படுக்கப் போகுமுன் அவர் என்னிடம், “எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நீங்களா இட்டுக்கட்டிச் சொன்னது இல்லையே? உங்க பொண்ணும் அப்ப அங்க இருந்தாங்களா?” என்று கேட்டார். இருந்தாள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நாங்கள் வீட்டில் இருப்போம். கிடைத்த அன்றே போன் செய். நான் எடுத்தாலும் அவரிடம் கொடுக்கச் சொல். அம்மா அன்றைக்குச் சொன்னதை உன் வாயால் ஒருமுறை சொல். உனக்கு ஞாபகம் இருக்கும். ஆரஞ்சு மறந்திருக்கலாம், அம்மா சொன்னது மறந்திருக்காது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நன்றாகத் தூங்கி, நன்றாக எழுந்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த வாரம் வீட்டிலிருந்து மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா