ஒன்பதாவது பெண்

நகர நாடக அரங்கு
4 பிப்ரவரி 1974

என் ஃபெலாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை, ஒரு வாழ்த்து அட்டையோடு சரி. கடலோரம் குடிபோனவர்களுக்கு நாங்களெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை போலும்.

ஜூனில் நம் அரங்குக்கு நூறு வயது. அதன் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். முப்பது வருடம் மேடைக் கூண்டில் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவளுக்கு எதுவும் மறக்காது என்று நினைப்பு. ஜார் காலத்துத் தணிக்கை, கூரை எரிந்த கதை எல்லாம் முடிந்தது. போர்க்காலம்தான் பாக்கி.

ஜெர்மானியர்கள் அரங்கைப் பிடுங்கிக்கொண்டு பெரிய திரையை எரிக்கச் சொன்னதும், அதில் வரைந்திருந்த ஒன்பது பெண்களையும் மேடைத் தச்சரான என் வீட்டுக்காரர் இக்னாட்ஸி வெட்டியெடுத்து ஒளித்ததும் ஊரறிந்தது. எட்டுப் பேர்தான் திரும்பி வந்தார்கள். குழலோடு நின்ற ஒன்பதாவது பெண்ணைப் புதிதாக வரைந்தவன் அவளுக்கு மேயர் மனைவியின் தாடையை வைத்துவிட்டான்! நீ அப்போது உடையறையில் தையல்காரி. நினைவிருப்பதை எழுது. இக்னாட்ஸி டிசம்பரிலிருந்து படுக்கையில். புத்தகத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறார்.

நம் மேடை வழக்கப்படி எனக்கு ஒரு "கால் முறியட்டும்" சொல்லி வாழ்த்து. முதல் நாடகத்தன்று நீ அப்படி வாழ்த்தியதும் நான் விவரம் தெரியாமல் நன்றி சொல்லப்போக, "அடிப்பாவி, நன்றி சொன்னா வாக்கு பலிக்காதுடி!" என்று என் வாயைப் பொத்தினாயே. அன்றிலிருந்து நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை.

இப்போதும் சொல்லமாட்டேன்,
உன் ஒத்திலியா


க்தான்ஸ்க்
19 பிப்ரவரி 1974

அன்பு ஒத்திலி,

கால் முறியட்டும்.

உன் கடிதத்தைப் பத்து நாள் மேசையில் வைத்திருந்தேன். இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியில்லை.

திரையை வெட்டியது என் தம்பி செவெரின். ஒன்பது பெண்களையும் ஒன்பது இறகுப் போர்வைகளுக்குள் வைத்துத் தைத்தது நான். இக்னாட்ஸி கைவண்டியைத் தள்ளினார், அவ்வளவுதான். திரை எங்கே என்று கேட்டுத்தான் செவெரினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் இல்லை, உன் கணவரும் இல்லை. செங்கல் சூளைக்குப் பின்னால் சுட்டார்கள். வயது இருபத்திரண்டு.

என்னை ஜெர்மனிக்கு வேலைக்கு இழுத்துப்போயிருந்தார்கள். போர் முடிந்ததும் இக்னாட்ஸி எங்கள் வீட்டுக்குப் போய், "அரங்குக்கு வேணும்மா" என்று அம்மாவிடம் போர்வைகளை வாங்கிப்போனார். அம்மா போர்த்திப் படுத்திருந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார். நான் திரும்பி வந்த அன்று உன் கல்யாணக் கேக் மேசையில் இருந்தது, அவர் சட்டையில் திரையைக் காப்பாற்றியதற்கான பதக்கம் இருந்தது. நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். எப்படிச் சொல்வேன்? அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

குழல் வைத்திருக்கும் பெண் என்னிடம்தான் இருக்கிறாள். இருபத்தொன்பது வருடமாகப் போர்த்திக்கொள்கிறேன். புத்தகத்தில் செவெரின் பெயர் வரட்டும், விழாவுக்கு அவளை நானே எடுத்துவருகிறேன். இக்னாட்ஸியைத் திட்டி ஒரு வரியும் வேண்டாம். என் தம்பி பெயர் மட்டும். கல்லறைகூட இல்லாதவன், ஒத்திலி.

ஜூனில் எனக்குக் கண் ஆபரேஷன். அதற்குள் அச்சில் பார்க்க ஆசை.

உன் ஃபெலா


நகர நாடக அரங்கு
29 மே 1974

ஃபெலா, என் கண்ணே,

மூன்று மாதம் பதில் போடாததற்கு என்னைத் திட்டு.

பீட்ரூட் சூப் ஊட்டும்போது இக்னாட்ஸியிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "அவன்தான் வெட்டினான். பதக்கம் குத்த வந்தப்ப சொல்லலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள கை தட்டிட்டாங்க," என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "செத்தவனுக்கு எதுக்கு ஒத்திலி பேரு? நான் இன்னும் சாகலையே."

அந்தப் பக்கத்தை இரண்டு விதமாக எழுதினேன். அச்சக ஆள் வந்து நின்றபோது என் கை பழையதைத்தான் எடுத்துக்கொடுத்தது. எத்தனையோ பேருக்கு மறந்த வரியை எடுத்துக்கொடுத்தவள் நான், இந்த ஒரு பெயரை மட்டும் விழுங்கிவிட்டேன். இருபதாம் தேதி, புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடியே அவர் போய்விட்டார். வெட்கமாக இருக்கிறது ஃபெலா. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் அப்படித்தான் செய்திருப்பாய்.

இரண்டாம் பதிப்பு வந்தால் கட்டாயம் மாற்றுவேன். புத்தகம் ஒன்று இத்துடன் வருகிறது. விழா ஜூன் பதினைந்தாம் தேதி. அந்தப் பெண்ணை எடுத்துவா என்று கேட்க வாய் கூசுகிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உன் கண் நல்லபடி ஆகட்டும். கால் முறியட்டும், ஃபெலா. வழக்கம்போல "நன்றி சொல்லமாட்டேன்" என்று மட்டும் பதில் எழுது, அது போதும் எனக்கு.

உன் ஒத்திலி


க்தான்ஸ்க்
6 ஜூன் 1974

மதிப்பிற்குரிய திருமதி ஒத்திலியா அவர்களுக்கு,

புத்தகம் கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை வாசித்தேன். உங்கள் கணவரின் மறைவுக்கு என் அனுதாபங்கள்.

இங்கே ஜூனிலும் குளிர்கிறது. போர்வை என்னிடமே இருக்கும்.

கண் ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை. தங்கள் நல்வாக்குக்கு மிக்க நன்றி.

இப்படிக்கு,
ஃபெலிட்சியா
செவெரினின் அக்கா