மூன்று தொட்டித் தண்ணீர்

1931 மார்ச் 8, ஞாயிறு. ஆம்பூர்.

இன்றைக்கும் துவரம்பருப்பு வேகவில்லை. கோயிலுக்குப் போகுமுன் அடுப்பில் ஏற்றியது, பிரசங்கம் முடிந்து வந்த பிறகும் கல்லாகவே கிடந்தது. மரியம்மாள் ஒரு கரண்டி எடுத்து என் இலையில் வைத்து, "மெல்றீங்களா, உரல்ல போட்டு இடிக்கட்டுமா?" என்றாள்.

எல்லாம் கிணற்றுத் தண்ணீரின் குணம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறது. எங்கள் மகள் சாராளுக்கு மூன்று வயதுக்கு எத்தனை முடி! குளித்து எழுந்தால் அது சணல் போல நிற்கிறது. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து உப்பும் சுண்ணாம்பும் நிலத்தில் இறங்குகிறது என்று ஊரே பேசுகிறது. அந்த ஷாப்பில்தான் நான் கணக்கெழுதும் ரைட்டர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் முதலாளி கிணற்றிலும் இட்டிருக்கிறார்.

பருப்பு கிடக்கட்டும். எனக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். மூத்தவனை வாந்திபேதி கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் குடித்ததில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வேலூர் வாசகசாலையில் ஒரு கைப்புத்தகத்திலிருந்து எழுதி வந்ததை இன்று செய்து முடித்தேன். கிணற்றடியில் படிப்படியாக மூன்று செங்கல் தொட்டிகள். மேல் தொட்டியில் சுண்ணாம்பைக் கரைத்துக் கலக்கி ஒரு நாள் தெளியவிட வேண்டும். தண்ணீரின் கடினமெல்லாம் வெள்ளையாக அடியில் இறங்கிவிடும். தெளிவு மட்டும் இரண்டாம் தொட்டியின் மணல் வழியாகவும், மூன்றாம் தொட்டியின் கரி வழியாகவும் இறங்கும். அங்கிருந்து தகரக் குழாயில் சமையலறைக்கும் குளியல் மறைவுக்கும். குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் இனி இந்தத் தண்ணீர்தான்.

சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பா என்று மரியம்மாள் சிரித்தாள். முள்ளை முள்ளால்தானே எடுக்கிறோம் என்றேன். ஷாப்பில் நீற்றிய சுண்ணாம்பு ஒரு டின், அங்கே வேலை செய்யும் கன்னியப்பன் கொண்டுவந்து கொடுத்தான்.

மார்ச் 22

நுரை! சாராள் தலையில் நுரைக் குல்லாய் வைத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். பருப்பு குழைந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தண்ணீர் குடித்தேன். (தூக்கிப் பார்த்துவிட்டுத்தான்.)

பின் சுவருக்கு அப்பால் அதாவுல்லா பாய் வீடு. ஷாப்பில் சுண்ணாம்புக் கொட்டகைக்கு அவர்தான் மேஸ்திரி. அவர் மனைவி வஹீதாவுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருக்கிறாள். கிணற்றுத் தண்ணீர் குமட்டுகிறதாம். தினம் இரண்டு குடம் மரியம்மாள் சுவருக்கு மேலே எடுத்துக் கொடுக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 30, திங்கள்

முதல் டின் தீர்ந்தது. நல்லதாகப் பார்த்துக் கொடு என்று கன்னியப்பனிடம் சொல்லி அனுப்பினேன். இந்த முறை சுண்ணாம்பு வெண்ணெய் போல லேசான மஞ்சள். புதுச் சூளைச் சரக்கு போலும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சாராளுக்கு வயிற்று வலி. இரண்டு முறை வாந்தி. வாந்தி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மூத்தவன்தான் நினைவுக்கு வந்தான். மரியம்மாள் ஓமத் தண்ணீர் கொடுத்தாள், அடங்கியது. கோயிலில் ஒன்றும் காதில் விழவில்லை.

ஏப்ரல் 8, புதன்

கடவுளே.

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மத்தியானம் சரக்குக் கணக்கெடுக்கச் சுண்ணாம்புக் கொட்டகைக்குப் போனேன். மேலண்டைப் பக்கம் ஒரு தொட்டியில் அதே வெண்ணெய் மஞ்சள். இது எந்தச் சூளை என்று கேட்டேன். சூளை இல்லை, மருந்து என்றான் கன்னியப்பன். போன மாதக் கடைசியிலிருந்து ஆட்டுத் தோலுக்குச் சுண்ணாம்பில் மஞ்சள் பாஷாணம் போட்டு நீற்றுகிறார்களாம்.

எனக்குக் கொடுத்த டின் எங்கிருந்து எடுத்தாய் என்றேன்.

"இங்கேர்ந்துதான் ரைட்டரய்யா. நல்லதா குடுன்னு சொன்னீங்களே. இதவிட நல்லது இன்னா இருக்குது? ஒரே ராத்திரியில மயிர் கழண்டு வந்துரும்."

அவன் மேல் தப்பில்லை. வீட்டுத் தண்ணீருக்கு என்று நான் சொல்லவே இல்லை. ஷாப்புக்காரனுக்கு நல்ல சுண்ணாம்பு என்றால் இதுதான்.

ஒன்பது நாள். ஒன்பது நாளாகச் சாராள் குடித்திருக்கிறாள். மரியம்மாள் குடித்திருக்கிறாள். வஹீதா — வயிற்றுப் பிள்ளைக்காரி — தினம் இரண்டு குடம்.

கிருமிக்குப் பயந்து விஷத்தை வைத்தேனே.

ஏப்ரல் 9, வியாழன்

விடியுமுன் தொட்டிகளைத் திறந்துவிட்டேன். அடி வண்டலைக் கொல்லைக் கோடியில் குழி தோண்டிப் புதைத்தேன். ஏன் என்று மரியம்மாள் கேட்டாள். நேற்று ராத்திரி தொட்டியில் பல்லி விழுந்துவிட்டது என்றேன். வஹீதாவிடமும் சொல்லிவிடு, இனிமேல் வேண்டாம் என்றேன்.

பொய்தான். ஆனால் காரியம் ஆகிவிட்டது அல்லவா? இனி யாரும் குடிக்கப் போவதில்லை. உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஏற்கெனவே உள்ளே போனதை எடுக்க முடியுமா? மரியம்மாள் ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள். அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

சாராளுக்கு நானே தலை வாரினேன். அவள் அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். சீப்பில் பதினொரு முடி.

ஏப்ரல் 10

பதினேழு.

ஷாப்பில் தோலை விரித்து மழுங்கிய கத்தியால் வழிக்கிறார்கள். மயிர் கொத்துக் கொத்தாக வருகிறது. பத்து வருஷமாகப் பார்க்கிறேன். இன்று பார்க்க முடியவில்லை. வெளியே போய் வாந்தி எடுத்தேன். பயத்தினாலா, அந்தத் தண்ணீரினாலா?

ஏப்ரல் 11, சனி

சாயங்காலம் மரியம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். வஹீதா கெட்டிக்காரி, பல்லி விழுந்தது புதன் ராத்திரிதானே, செவ்வாய்க்கிழமை வரை சேர்த்தது நாலு குடம் கொப்பரையில் இருக்கிறது, அது சுத்தம் என்று அதையே குடிக்கிறாளாம்.

மூன்று நாள். நான் தெரிந்துகொண்ட பிறகும் மூன்று நாள். என் பொய்தான் அவளைக் குடிக்க வைத்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அதாவுல்லா பாய் மக்ரிப் தொழுகை முடித்து வாசலுக்கு வந்தார். முதலில் அந்தக் கொப்பரையைக் கவிழ்க்கச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே ஓடினார், கொப்பரை உருளுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மருந்து என்னவென்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

புதன்கிழமை என்றேன்.

"இன்னிக்கு சனிக்கிழமை, ரைட்டரே."

அவ்வளவுதான். கதவை மூடிக்கொண்டார். அடித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து மரியம்மாளிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. சாராளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

காலை வண்டியில் காட்பாடி, அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரி. மரியம்மாளும் சாராளும் வஹீதாவும் பெண்கள் பெட்டியில், நானும் பாயும் வேறு பெட்டி.

டாக்டரம்மாள் எல்லாம் கேட்டுக்கொண்டார். தெளிந்த தண்ணீர் என்பதால் பெரும்பாகம் வண்டலோடு தங்கியிருக்கலாம், ஆனால் உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். முடி உதிர்கிறதா, நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பார்த்துவர வேண்டும். சாராளின் முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். குழந்தை வீல் என்றது, முடி வரவில்லை. வஹீதாவின் வயிற்றில் இருப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, பிறக்கட்டும் என்றார்.

ஏப்ரல் 20

சீப்பில் ஒன்பது. நகம் சுத்தம். மரியம்மாளும் என்னைப் பார்க்காமல் தன் கையை என் முன் நீட்டினாள். சுத்தம்.

ஏப்ரல் 27

எட்டு. பாய் ஷாப்பில் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறார். மேலண்டைக் கொட்டகைக்குப் புதுப் பூட்டு. கதவில் சிவப்பு மையால் 'விஷம்' என்று எழுதியிருக்கிறார், தமிழிலும் உருதுவிலும்.

மே 6, புதன்

மறுபடி கல் பருப்பு, மறுபடி சணல் முடி. எனக்குத் தொட்டியைத் தொடவே தைரியம் இல்லை. இன்று ஷாப்பிலிருந்து வந்தால் மரியம்மாள் கிணற்றடியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று தொட்டிகளையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பாலாற்றில் மேற்கே போய்ப் புது மணல் எடுத்து வந்திருக்கிறாள். சூளையிலிருந்து கல் சுண்ணாம்பைத் தன் மடியிலேயே கொண்டுவந்து தன் கண் முன்னால் நீற்றியிருக்கிறாள். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"தண்ணி இல்லாம எத்தினி நாளைக்கு பயந்துனு கெடப்பீங்க?"

மே 7

ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் முதல் டம்ளர் நான் குடிப்பேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மற்றவர்கள். மரியம்மாள் அந்த ஒரு மணி நேரம் அடுப்பு மூட்டாமல் எனக்காகக் காத்திருக்கிறாள்.

மே 24, ஞாயிறு

பின் சுவருக்கு அப்பால் விடியற்காலையிலிருந்து வஹீதா கத்துகிறாள். மரியம்மாள் அங்கே போயிருக்கிறாள். நான் சாராளை மடியில் வைத்துக்கொண்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டவரே, என் பாவத்தை அந்தப் பிள்ளை மேல் வைக்காதேயும்.

பதினோரு மணி: அழுகைச் சத்தம். குழந்தையின் அழுகை.

பிறகு: ஆண். முழுசாக இருக்கிறான் என்றாள் மரியம்மாள். விரல்களை எண்ணினாயா என்றேன். "நான் எண்ண மாட்டேனா?" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மே 30, சனி

இன்று பிள்ளைக்கு ஏழாம் நாள். அவர்கள் வழக்கப்படி முடி இறக்கிப் பேர் வைக்கிறார்கள். எனக்கு அழைப்பு இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. காலை எட்டரை மணிக்கு வாசலில் பாய் நின்றார். கையில் பித்தளைச் செம்பு. அந்தச் சனிக்கிழமை அவர் கதவை மூடியதற்குப் பிறகு ஏழு வாரம் ஆகிறது.

"புள்ளைக்கு தலை நனைக்கணும். எங்க கிணத்துத் தண்ணி பச்சைப் புள்ளைக்கு எரியும். உங்க வீட்டுத் தண்ணி கொஞ்சம் குடுங்க."

இன்றைக்கு நான் முதல் டம்ளர் குடித்து அரை மணிதான் ஆகிறது என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சரி. இன்னும் அரை மணி இருக்கேன்."

இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணி அடித்ததும் செம்பை நிரப்பி, நானே தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

நாவிதர் தலையை நனைத்தார். பிள்ளை சிணுங்கினான், அழவில்லை. ஒரு தலை நிறைய முடி, கன்னங்கரேல் என்று. கத்தி வைத்ததும் கொத்துக் கொத்தாக வெள்ளைத் துணியில் விழுந்தது. விழ விழ நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாராளுக்குத் தலை வாரினேன். இன்று எண்ணவில்லை.