சேலை வேலியும் மான்குட்டியும்

ஏப்ரல் 9, புதன்

விடியும்போதே வெயில் சுள்ளென்று. தெரு நாய்கள் மூன்றுக்கும் பழைய சோறு வைத்தாச்சு. கருப்பன் இன்னும் நொண்டுகிறான், பாவம்.

மனையில் அவரைக்கொடி மொத்தமும் மொட்டை. கீரைப் பாத்தியில் குளம்புத் தடம். அந்த மானும் குட்டியும்தான். போன வாரம் முதன்முதலாக மலையிலிருந்து இறங்கி, வீட்டை ஒட்டின நம் காலி மனை வழியே தெருவுக்கு வந்தபோது, பூரித்துப்போய் போட்டோ எடுத்தவளும் நான்தான். வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ கிடக்கிறார். "மானெல்லாம் வருதா? நம்ம சைட்டுக்கு மவுசு ஏறிப்போயிருமாட்ட இருக்குதே" என்று ஒரே சிரிப்பு. மனையில் செடி வைத்துத் தண்ணீர் சுமப்பவள் நானல்லவா.

நாளைக்கு: குச்சி நட. தங்கச்சியிடம் சேலை கேட்க. காஸ் புக் பண்ண.

ஏப்ரல் 10, வியாழன்

காற்றே இல்லை. இளம்பிள்ளை ஊரிலிருந்து தங்கச்சி ஒரு மூட்டை பழைய நூல் சேலை கொடுத்தனுப்பினாள். அம்மா வீட்டுக் காட்டில் பன்றியும் மயிலும் வராமலிருக்க இப்படித்தான் சேலை வேலி கட்டுவோம். மனையைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு குச்சியிலும் இரட்டை முடிச்சு. இடுப்பு போச்சு.

எதிர்வீட்டு சுசீலாக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஊட்டுல விசேசமாட்ட இருக்குது, பந்தலே போட்டாச்சே" என்றார். கலர் கலராக நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

சாயங்காலம் இடியோடு மழை. சேலையெல்லாம் தொப்பல். மான் வரவில்லை. நிம்மதி. காஸ் மறந்தாச்சு.

ஏப்ரல் 12, சனி

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் பால் வாங்க வெளியே வந்தேன். தெருமுனையில் தாயும் குட்டியும். வேறு பக்கமாக இறங்கியிருக்கும். நாய்கள் மூன்றும் பார்த்துவிட்டன. துரத்தினால் மான்கள் மலைக்கு ஓடுவது எப்போதும் நம் மனை வழியேதான். ஓடிவந்தன. தாய் சேலையைத் தாண்டிக் குதித்துவிட்டது. குட்டியால் முடியவில்லை. பச்சைச் சேலையில் கால் மாட்டிக்கொண்டு துடித்தது. கருப்பன் பின்னங்காலைக் கவ்விவிட்டான்.

விளக்குமாற்றால் அடித்து விரட்டினேன். முடிச்சு மழையில் இறுகிக் கல்லாகிவிட்டது. அரிவாளால் அறுத்து எடுத்தேன். குட்டி இப்போது பாத்ரூமில். கன்றுக்குப் போடுகிற மாதிரி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டேன். அப்புறம்தான் வனத்துறைக்கு போன். "தொடாதீங்கம்மா, வந்தர்றோம்." தொட்டாச்சே.

சுசீலாக்காவிடம் நாய்களைத் திட்டித் தீர்த்தேன். "அதுகளுக்குச் சோறு போட்டு இங்கியே நிக்க வெச்சது நீங்கதானுங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இப்படி வலிக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெக்கை. வனத்துறை வரவில்லை. "வண்டி வேற பக்கம் போயிருக்குதுங்க." எத்தனை தடவைதான் கேட்பது.

குட்டி பால் குடிக்கவில்லை. விரலை நக்கியது, அவ்வளவுதான். கால் வீங்கி, உடம்பு கொதிக்கிறது.

தாய் அடிவாரத்து வேலமரத்தடியில் நின்று கூப்பிடுகிறது. பாத்ரூமிலிருந்து இது பதில் கொடுக்கிறது. நடுவில் நான் கட்டின சேலைகள். கேட்கவே முடியவில்லை. பாவி நான்.

எல்லா முடிச்சையும் அறுத்தெறிந்தேன். சோற்றுத் தட்டைத் தட்டி நாய்களைக் கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. முன்ரூமில் விட்டுப் பூட்டினேன். பொழுது சாய்ந்ததும் குட்டியைத் தூக்கிப்போய் மனையில் படுக்க வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

தாய் வந்துவிட்டது! நக்கிக் கொடுக்கிறது. எழுந்திரு. எழுந்திரு கண்ணு.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. மேகமூட்டம். கோலம் போடவில்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை.

குட்டி விடியும்போதே செத்துவிட்டது. தாய்க்கு அது புரியவில்லை. மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்புகிறது. நான் வெளியே போய்க் கையை வீசினாலும் நாலடி தள்ளி நிற்கிறது, திரும்ப வந்துவிடுகிறது.

சுசீலாக்கா வேப்பம்பூப் பச்சடிக் கிண்ணத்தோடு: "நாய் அந்தக் கத்துக் கத்துதுங்க, தெறந்து உடக்கூடாதா?"

முன்ரூமில் மூன்றும் கதவைப் பிறாண்டுகின்றன. நேற்றிலிருந்து பட்டினி. எப்படித் திறப்பேன்?

போயிரு சாமி. மலைக்குப் போயிரு.